தூரிகை எழுத்தும் தமிழ்ப் புள்ளியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. எழுத்துக்கும் இது பொருந்தும். ஒரு சொல்லின் பொருளை நாம் அறிவதற்கு முன்பே அதன் வடிவம் நம்மோடு பேசத் தொடங்கிவிடுகிறது. திருமண அழைப்பிதழின் எழுத்து ஒரு குரலிலும், நீதிமன்ற அறிக்கையின் எழுத்து வேறொரு குரலிலும் பேசும். ஆதலின் எழுத்தின் தோற்றத்தை ஆராய்தல் வெறும் அச்சுக்கூடத்தார் வேலை அன்று. தமிழ் கற்பிப்போர்க்கும் அதில் பங்கு உண்டு. அண்மைக் காலத்தில் எங்கும் பரவியுள்ள தூரிகை எழுத்துருவைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே ஆராய்வோம்.

தென்கெடாவில், பேராக் மாநிலத்து எல்லைக்கு அணித்தாக, பண்டார் பாரு மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் செர்டாங். இவ்வூர்க் கடைத்தெருவில் நடப்பவர் சிறிது தொலைவுக்குள்ளேயே நால்வகை எழுத்துகளைக் காணலாம். மலாய்மொழி உரோம எழுத்திலும் ஜாவி எழுத்திலும் நிற்கும்; சீனம் தன் கட்டமைந்த வடிவில் நிற்கும்; சில இடங்களில் தமிழும் உடன் நிற்கும். இந்நான்கனுள் ஒன்றுமட்டுமே தூரிகையாற் பிறந்து தூரிகையால் வளர்ந்தது. அது சீன எழுத்து. ஏனைய மூன்றும் தூரிகையைப் பின்னர்க் கடன் வாங்கிக்கொண்டவை. இவ்வேறுபாட்டை மறந்து, 'தூரிகை எழுத்து அழகியது. ஆகவே தமிழுக்கும் அழகியதே' என்று முடிவு செய்வதே இன்றைய பிழைகளுக்கெல்லாம் வேர்.

கருவி தரும் வடிவம்

எழுத்தின் வடிவை ஆக்குவது எழுதுவோன் கை மட்டும் அன்று. அவன் பிடித்த கருவியும், அவன் எழுதிய பொருளும் ஆகும். சீனர் மயிர்த் தூரிகையை மையில் தோய்த்துத் தாளின்மேல் செங்குத்தாகப் பிடித்தனர். அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும். ஆகவே பருமையும் மென்மையும் அவர்தம் எழுத்தின் உயிராயின. ஜாவி எழுத்து, முனை சாய்வாக வெட்டிய நாணற் பேனாவின் வழி வந்தது. அதன் தடிப்பு, அழுத்தத்தால் வருவது அன்று; பேனா திரும்பும் கோணத்தால் வருவது.

தமிழின் கதை வேறு. தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் கல்வெட்டு உளியால் வெட்டப்பட்டது. இந்தக் கெடாவின் பழம்பெயரே நம்மவர் வாயில் கடாரம் என வழங்கியது என்பதை ஆசிரியர்கள் அறிவர். நூல்களோ ஓலையில் எழுத்தாணியாற் கீறப்பட்டன. எழுத்தாணிக்குப் பருத்த கோடும் தெரியாது, மெலிந்த கோடும் தெரியாது. ஓலையின் நார்ப்போக்கில் நேர்க்கோட்டை அழுத்திக் கீறினால் ஓலை கிழியும். எனவே வளைவும் சுழியும் பெருகின. ஒரே சீரான கோடு, வளைந்து சுழன்று, தன் சுழிகளின் எண்ணிக்கையாலேயே பொருளை வேறுபடுத்துவது தமிழெழுத்தின் இயல்பாயிற்று. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பெயருக்காக அன்று. அந்தச் சுழிதான் அங்கே எழுத்து.

புள்ளியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டது. படிப்பவர் தம் அறிவால் அதனை நிரப்பிக்கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களை வேறுபடுத்த வழி கண்டார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது முதல், தரங்கம்பாடி அச்சகம் வழியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை அச்சகங்கள் வரை, ஈய எழுத்து வார்த்தவர் பலரும் தமிழுக்குச் செய்த பெருந்தொண்டு ஒன்று உண்டு. புள்ளியும் நெடிலும் ஐயமின்றித் தெரியுமாறு எழுத்தை நிலைநிறுத்தியதே அது. ஏடு விட்டதை அச்சு மீட்டது. இன்று ஓர் அலங்கார எழுத்துரு அதனை மீண்டும் இழக்கச் செய்யுமானால், அது அழகில் முன்னேற்றம் அன்று, தெளிவில் பின்னடைவே.

மேனாட்டில் பிறந்த தூரிகை எழுத்துரு

தூரிகையால் எழுதியதுபோலத் தோன்றும் அச்செழுத்துகளுள் உலகெங்கும் பரவியது 'பிரஷ் ஸ்கிரிப்ட்'. இதனை இராபர்ட் இ. சிமித் என்பவர் வரைந்தார். அமெரிக்க அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் 1942-இல் வெளியிட்டது. அடுத்து, பிரான்சில் உரோசர் எக்சுகோபான் தம் கையெழுத்தையே அடியாகக் கொண்டு வரைந்த 'மிசுத்திரல்' 1953-இல் வந்தது. கணினி வந்தபின் பிரஷ் ஸ்கிரிப்ட் பல கோடி மக்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. உணவகப் பட்டி, வாழ்த்து மடல், பள்ளி நிகழ்ச்சித் தாள் எனப் பலவற்றிலும் அதனைக் காண்கிறோம்.

இவ்வெழுத்துகளின் அழகு எங்கே உள்ளது என்று பார்த்தல் வேண்டும். அவற்றின் சிறிய எழுத்துகள் ஒன்றன் வால் மற்றொன்றன் தோளைத் தொடுமாறு வார்க்கப்பட்டவை. தனித்தனி ஈயத் துண்டுகளாக இருந்தும், கோத்தபின் ஒரே கைவீச்சில் எழுதிய சொல்லாகத் தோன்றும். தூரிகையை எடுக்காமல் எழுதினான் என்ற மயக்கமே அவற்றின் கலை. இம்மயக்கத்தைக் கெடுப்பதற்கும் ஓர் எளிய வழி உண்டு. முழுச்சொல்லையும் பெரிய எழுத்துகளாலேயே அமைத்துவிட்டால் இணைப்பு அறுந்து, வளைவுகள் ஒன்றையொன்று முட்டி, படிக்கவே இயலாத கோலமாகிவிடும். நம் நகரங்களில் எத்தனையோ பலகைகள் அவ்வாறே நிற்கின்றன. குற்றம் எழுத்துருவின்மேல் இல்லை. இயல்பறியாமற் கையாண்டவர்மேல் உள்ளது.

இனித் தமிழுக்கு வருவோம். நம் எழுத்துகள் ஒன்றோடொன்று இணைவன அல்ல. ககரத்தின் முடிவு அடுத்த லகரத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்வதில்லை. ஆகவே உரோமத் தூரிகை எழுத்தின் தலையாய அழகு தமிழுக்குக் கிடைக்க வழியே இல்லை. எஞ்சுவன மூன்று: சாய்வு, தடிப்பும் மெலிவும், நுனிவீச்சு. இம்மூன்றும் அளவோடு இருந்தால் தமிழெழுத்துக்கு ஓட்டமும் உயிர்ப்பும் தரும். அளவு மீறினால் சுழியை அடைக்கும், புள்ளியை விழுங்கும், குறிலை நெடிலாக்கும்.

பலகை எழுதியவர் கை

நெகிழித் துணியில் இயந்திரம் அச்சிடும் காலத்துக்கு முன், கடைப் பலகையும் தோட்டக் கோயிலின் திருவிழா அறிவிப்பும் கையாலேயே எழுதப்பட்டன. தட்டைத் தூரிகையும் எண்ணெய்ச் சாயமும் அவர்தம் கருவிகள். மேலும் கீழும் சுண்ணக்கோடு இட்டு, சொல்லின் நீளத்தைக் கண்ணால் அளந்து, எழுத்தை நிரப்புவர். அவர்கள் இலக்கணம் கற்றவர்களா என்பது வேறு. ஆனால் அவர்தம் கைக்கு ஒன்று தெரிந்திருந்தது. ணகரம் வரும் இடத்தில் இடம் சற்று விரியவேண்டும். புள்ளிக்கு மேலே வெளி விடவேண்டும். ஐகாரம் வந்தால் வீச்சுக்கு இடம் உண்டு. பழைய 'லை', 'னை' வடிவங்களின் முன்னே வளைந்த துதிக்கை, தூரிகைக்காரனுக்குக் கிடைத்த விளையாட்டிடம். தமிழக அரசு 1978-இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றபின், அவ்வடிவங்கள் பாடநூலிலிருந்து மறைந்தன. 1935-இலேயே பெரியார் தம் இதழில் வழிகாட்டிய அச்சீர்திருத்தத்தால் கற்பித்தலும் அச்சும் எளிமையாயின. அதனை நாம் குறை கூறவில்லை. அலங்காரத்திற்கு இயல்பாக இருந்த இடம் குறைந்தபின், அலங்காரம் இருக்கக்கூடாத இடங்களுக்கு நகர்ந்தது என்பதையே சொல்கிறோம். இன்றைய தூரிகை எழுத்துருக்கள் பலவற்றில் வீச்சு எகரத்தின் காலிலும், ரகரத்தின் அடியிலும் வந்து உட்காருகிறது. அங்கேதான் ஆபத்து.

கையெழுத்துக்கும் எழுத்துருவுக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. கை எழுதும்போது 'பாப்பா' என்ற சொல்லின் மூன்று பகரங்களும் மூன்று விதமாக இருக்கும். எழுத்துருவிலோ, தூரிகை மயிர் பிரிந்ததுபோல் செய்யப்பட்ட கீறல் மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கும். ஓட்டத்தின் தடம் என்று காட்டப்பட்டது வெறும் முத்திரை என்பது உடனே வெளிப்பட்டுவிடும். ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்களை எழுத்துருவுக்குள் வைத்து, கணினி அவற்றை மாற்றி மாற்றி இடுமாறு செய்ய இன்று இயலும். அவ்வுழைப்பை ஏற்காமல் கீறலை மட்டும் ஒட்டுவது போலிமை.

ஏழு சொற்களில் ஒரு தேர்வு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசளிப்பு நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். மேடையின் பின்னே பெரிய துணி. அதில் தடித்த தூரிகை எழுத்தில் விழாவின் பெயர். 'கல்வி' என்ற சொல்லில் லகரத்தின் புள்ளி, பக்கத்து வகரத்தின் மேல்விலங்கு வீச்சுக்குள் மறைந்துபோயிற்று. புள்ளி போன கல்வி என்ன சொல்லாகும் என்பதைத் தமிழறிந்தோர் தாமே உணர்வர். இங்கே எழுத நாணுகிறோம். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலைகுனிந்தனர். பின்வரிசையில் இருந்த மாணவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் என் மனத்தைத் தைத்தது அந்தச் சிரிப்பு அன்று. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அச்சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள். துணியில் இருந்தவாறே படித்தாள். அவள் படித்தது பிழை அன்று. எழுதியதே பிழை.

இதனால் நான் ஒரு சிறு தேர்வை வழக்கமாகக் கொண்டேன். எந்த அலங்கார எழுத்துருவையும் பயன்படுத்துமுன் ஏழு சொற்களை அதில் எழுதிப் பார்ப்பது: கல்வி, தரம், வீடு, மேல், எரி, மணம், முழு.

கல்வி, புள்ளியைச் சோதிக்கும். தரம், ரகரத்தைச் சோதிக்கும்; அதன் அடிச்சாய்வு மறைந்தால் துணைக்காலாகி, 'தாம்' என நிற்கும். வீடு, மேல்விலங்கின் சுழியைச் சோதிக்கும். சுழி அடைபட்டால் வீடு 'விடு' ஆகும். மேல், இரட்டைச் சுழிக் கொம்பைச் சோதிக்கும். ஒரு சுழி கெட்டால் 'மெல்' ஆகும். எரி என்பதில் எகரத்தின் காலுக்கு வீச்சு மிகுந்தால் 'ஏரி' ஆகும், நெருப்பு நீராகிவிடும்! மணம், மூன்று சுழியும் எண்ணத்தக்கனவாக உள்ளனவா என்று காட்டும். இல்லையேல் 'மனம்' ஆகும். முழு, மகரமும் ழகரமும் உகரமேறிய நிலையில் தத்தம் வாலோடு பிரிந்து தெரிகின்றனவா என்று காட்டும்.

இவ்வேழு சொற்களையும் தாளில் அச்சிட்டு, வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். பின்னர் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். அதன்பின் ஒருமுறை ஒளிநகல் எடுத்துப் பாருங்கள்; நம் பள்ளித் தாள்களுள் பெரும்பாலானவை ஒளிநகலாகவே மாணவர் கைக்குச் சேர்கின்றன அன்றோ? மூன்று நிலையிலும் ஏழும் பிழையின்றிப் படிக்கப்பட்டால் அவ்வெழுத்துரு தேறியது. ஒன்று தவறினாலும், அதனைச் சொற்றொடருக்குப் பயன்படுத்தலாகாது.

எங்கே ஆகும், எங்கே ஆகாது

அவ்வாறாயின் தூரிகை எழுத்தே வேண்டாமா என்று கேட்கலாம். அவ்வாறு சொல்லவில்லை. சிறுகதையின் தலைப்பு, இசை நிகழ்ச்சியின் பெயர், பலகாரக் கடையின் பலகை, பொங்கல் வாழ்த்து, மணமக்கள் பெயர் ஆகியவற்றில் தூரிகை எழுத்துத் தன் தகுதியோடு நிற்கும். இவை ஒன்றிரண்டு சொற்களால் ஆனவை. பெரிய அளவில் வருபவை. மகிழ்ச்சியையும் மனித நேயத்தையும் உணர்த்த வேண்டுபவை. 'இதனை ஓர் இயந்திரம் அன்று, ஒரு மனிதன் உங்களுக்காக எழுதினான்' என்று சொல்வதே தூரிகை எழுத்தின் பொருள். அப்பொருள் வேண்டப்படும் இடத்தில் அது பொருந்தும்.

இரங்கற் செய்தி, மருந்து உறை, தெருப்பெயர், தேர்வுத் தாள், கோயிற் பொதுக்கூட்ட அறிக்கை ஆகியவற்றில் அது பொருந்தாது. இங்கே வேண்டப்படுவது நேயம் அன்று, ஐயமின்மை. சான்றிதழ் இவற்றுக்கு நடுவே நிற்பது. 'நற்சான்றிதழ்' என்ற தலைப்புத் தூரிகையில் இருக்கலாம். மாணவன் பெயர் இருக்கக்கூடாது. பெயர் ஒருவர்க்கு வாழ்நாள் முழுவதும் சான்றாவது. அதில் நெடில் குறிலாகத் தோன்றுவதற்கு ஆசிரியர் இடந்தரலாகாது.

கடைக்காரர் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு எழும். வழிச்செல்வோர் கண்ணைக் கவர்வதே பலகையின் வேலை. படிப்பது பிறகு என்பர். இது பாதி உண்மை. ஆனால் இந்நாட்டில் பலகைகளில் தேசிய மொழிக்கே முதலிடமும் பேரளவும் தருதல் வேண்டும். அது முறையே. அதனால் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறிய இடம். சிறிய இடத்தில் தடித்த தூரிகை எழுத்தை நெருக்கி வைத்தால் கவர்ச்சியும் இல்லை, தெளிவும் இல்லை. ஒரு கறை போலவே தோன்றும். இடம் சுருங்கச் சுருங்க எழுத்து எளிமையாதல் வேண்டும்.

வேறொரு போலியையும் இங்கே சுட்டவேண்டும். 1883-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், சீனத் தூரிகையின் வீச்சைப் பாவனை செய்யும் உரோம அச்செழுத்து ஒன்று வெளியாயிற்று. பின்னர் அதன் வழிவந்தவை மேனாட்டுச் சீன உணவகங்களின் அடையாளமாயின. சீன எழுத்தின் இலக்கணத்துக்கும் அதற்கும் உறவில்லை. சீனத்தை அறியாதவர் சீனம் என்று எண்ணியதன் வடிவம் அது. நம் உணவகப் பலகைகளிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. உரோம எழுத்தின் தலையில் நீண்ட கோடொன்றை இழுத்து 'இந்தியத் தோற்றம்' தருவர். அந்தத் தலைக்கோடு தேவநாகரிக்கு உரியது. தமிழெழுத்துக்குத் தலைக்கோடே இல்லை. இட்டிலியும் தோசையும் விற்கும் தமிழர் கடை, தனக்கில்லாத எழுத்தின் சாயலை முகப்பில் ஏந்தி நிற்கிறது. அதே பலகையின் மூலையில் தமிழ் இருப்பின், அது கணினி இயந்திர முறையாற் சாய்த்த எழுத்தாக, சுழிகள் நசுங்கிக் கிடக்கிறது. கையெழுத்தின் சாய்வு வேறு. வடிவத்தைப் பிடித்து ஒருபுறம் தள்ளுவதால் வரும் சாய்வு வேறு.

நல்ல சாய்வுக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. இலங்கையரான தாரிக் அசீசு உருவாக்கிய 'கவிவாணர்' என்னும் எழுத்துரு, சாய்ந்த தமிழ்க் கையெழுத்தை அடியாகக் கொண்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கிடைப்பது. உரோமத் தூரிகை எழுத்தின் தமிழ்ப் பெயர்ப்பாக அன்றி, தமிழர் கையிலிருந்தே தொடங்கியது என்பதே அதன் சிறப்பு. நம் மலேசியரான முத்து நெடுமாறன், 'முரசு அஞ்சல்' மென்பொருளாலும், ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவாலும் தமிழ் எங்கும் தெளிவாகப் படிக்கப்பட வழி செய்தார். தெளிந்த உரை எழுத்தும், தமிழ்க் கையினின்றே பிறந்த அலங்கார எழுத்தும் நம்மிடம் உள்ளன. வேண்டுவது தேர்ந்தெடுக்கும் அறிவு ஒன்றே.

முடிவாக ஒன்று. தமிழகத்துக் குழந்தை பேருந்திலும் சுவரிலும் சுவரொட்டியிலும் நாள்தோறும் தமிழைக் காண்கிறது. ஒன்றில் புள்ளி போனாலும் மற்றொன்றில் அது கிடைக்கும். செர்டாங்கிலோ, அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலோ வளரும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை. பள்ளிச் சுவருக்கு வெளியே அது காணும் தமிழ் சில பலகைகளும், கோயில் அறிவிப்பும், விழாத் துணியுமே. அவை ஒவ்வொன்றும் அக்குழந்தைக்கு ஒரு பாடம். பலகை எழுதுவிப்போர் தாம் பாடநூல் எழுதுவிக்கிறோம் என்று அறிவதில்லை. அவர்க்கு அதனை அறிவிப்பது நம் கடன். அடுத்த விழாவுக்குத் துணி அச்சிடக் கொடுக்குமுன், தமிழாசிரியர் ஒருவர் அச்சகத்துக்குச் சென்று அந்த ஏழு சொற்களை எழுதிப் பார்க்கச் சொல்லட்டும். கால்மணி நேரம் ஆகும். கல்வி, கல்வியாகவே நிற்கும்.